புல்லைக் கூட்டினால் எடை குறையும்

பருத்த கினிப்பன்றியை மெலிய வைக்க அதன் உணவைக் குறைக்கக் கூடாது, மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கருத்துக்காகத்தான் வாதாடுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் எவருக்கும் இந்தப் பருத்த கினிப்பன்றி பழகிய நோயாளி. வாடகை வீட்டில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. பூனை வெளியே போய்விடும். மீன் தொட்டியில் குழந்தைக்கு நிறைவில்லை. குரைக்காத, கடிக்காத, கையில் எடுத்துக் கொஞ்ச முடிகிற பிராணி வேண்டும் என்று தேடும்போது கினிப்பன்றி வீட்டுக்குள் வருகிறது. கூடவே ஒரு சிறிய கம்பிக்கூண்டும் ஒரு பை முயல் தீவனமும் வருகின்றன. புல் மட்டும் வருவதில்லை. அதன் உடம்பில் பிறகு ஏறுகிற ஒவ்வொரு கிராம் கொழுப்புக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டார் அதிகம் ஊட்டிவிட்டார்கள் என்பது பாதி உண்மைதான். ஊட்ட வேண்டிய ஒன்றை ஊட்டவே இல்லை என்பது மீதி உண்மை.

எது பருமன் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வளர்ந்த ஆண் கினிப்பன்றி பொதுவாக 900 முதல் 1,200 கிராம் வரையும், பெண் 700 முதல் 900 கிராம் வரையும் இருக்கும். பெரிய எலும்புள்ளவை சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதால், தராசு காட்டும் எண்ணைவிட விரல் சொல்லும் சேதி நம்பகமானது. விலாவின் மேல் லேசாகத் தடவும்போது எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். ஆனால் துருத்தக் கூடாது. அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது, தாடைக்கடியில் சதை தொங்குகிறது, உட்காரும்போது வயிறு தரையில் பரவிப் பாதங்களை மறைக்கிறது என்றால் அது பருமன். கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறோம் என்று அர்த்தம் என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. மனிதக் குழந்தைக்கே அந்த நம்பிக்கை பொருந்தாது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கினிப்பன்றியின் உடம்பிலோ அது பாதத்தில் புண்ணாகவும், கோடையில் மூச்சுத் திணறலாகவும், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் உயிருக்கு ஆபத்தாகவும் திரும்பி வருகிறது. கம்பித் தரையில் நிற்கும் கனத்த உடம்பு பாதத் தோலை அழுத்திக் காய்த்துப் போகச் செய்யும். அதில் கிருமி புகுந்தால் எலும்பு வரை போகும். குதத்திலிருந்து நேரடியாக எடுத்து மறுபடி உண்ண வேண்டிய மென்மையான புழுக்கைக்குக் குனிய முடியாமல் போவதும் பருத்த பிராணியின் அவதிகளில் ஒன்று.

எல்லாப் பெருத்த வயிறும் கொழுப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடையில் இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்த ஜோடியில் ஒன்று ஆணாக இருப்பது சாதாரணம். பெண் குட்டி ஒரு மாதம், ஒன்றரை மாத வயதிலேயே கருத்தரிக்கக் கூடியது. சினைக்காலம் சராசரியாக 68 நாள். சினைப்பட்ட பிராணியைப் பருமன் என்று நினைத்துப் பட்டினி போட்டால் இரத்தத்தில் கீட்டோன் பெருகித் தாயும் குட்டிகளும் சாக நேரும். பருத்த உடம்புள்ள தாய்க்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். வயதான பெண் கினிப்பன்றிகளுக்குச் சூலக நீர்க்கட்டிகள் மிகப் பொதுவானவை. இரு விலாப்புறமும் உப்பி, முடி கொட்டினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வயிறு திடீரென முரசு போல இறுகினால் அது வாயு. அன்றைக்கே மருத்துவம் வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எடைக்குறைப்பு என்ற பேச்சே கூடாது. ஆகவே முதல் வேலை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. வேப்பேரியில் 1903-ல் தோன்றிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் ஏறினாலே பெரும்பாலான தூரம் கடந்துவிடலாம்.

இனி அந்த உடம்பு எதற்காக அமைந்தது என்று பார்ப்போம். கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் புல்வெளிகளில் தோன்றியது. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கி வீட்டில் வளர்த்தார்கள். அதன் வாயிலுள்ள 20 பற்களும், முன்பற்கள் மட்டுமல்ல கடைவாய்ப் பற்களும், வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள பெருங்குடற்பை, செரிமானப் பாதையில் இருக்கும் பொருளில் 65 சதவீதம் வரை தனக்குள் வைத்திருக்கும். அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்து ஆற்றலாக மாற்றுகின்றன. அந்தப் பை நிறைந்திருந்தால்தான் குடல் அசையும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆற்றல் குறைந்த உணவை ஏராளமாகத் தின்பதற்கென்று ஆன உடம்பு அது. அளவில் சிறிய, ஆற்றலில் செறிந்த உணவை அதற்குக் கொடுத்தால் பசி ஆறுவதற்குள் கலோரி எல்லை தாண்டிவிடுகிறது. வயிறு இன்னும் காலியாகவே இருப்பதால் பிராணி மேலும் கேட்கிறது.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஒரு கிலோ எடையுள்ள வளர்ந்த கினிப்பன்றிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 முதல் 140 கிலோகலோரி போதும். பத்து கிராம் நிலக்கடலையில் 55 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு மேரி பிஸ்கெட்டில் சுமார் 25. காலையில் தாத்தா கொடுக்கும் ஒரு பிடி கடலையும், பள்ளி விட்டு வந்த பேரன் கொடுக்கும் இரண்டு பிஸ்கெட்டும் சேர்ந்தால் அந்த நாளின் முழுத் தேவையும் முடிந்துவிடும். கிண்ணத்தில் உள்ள தீவனம் முழுவதும் உபரி. நாம் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு அதே மூன்று வேளைச் சாப்பாட்டை மறுபடியும் தினமும் உண்பதற்கு ஒப்பானது இது. பெரு நாட்டில் கினிப்பன்றியைக் கறிக்காக வளர்ப்பவர்கள் மக்காச்சோளம், கோதுமைத் தவிடு கலந்த அடர்தீவனத்தைக் கொடுத்து அதை வேகமாக எடையேற வைக்கிறார்கள். நம் வீடுகளில் செல்லமாக ஊட்டும் உணவும் ஏறத்தாழ அதே கொழுக்க வைக்கும் தீவனம்தான். தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிக்கு என்ன ஆகும் என்பதும் நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு கொடுத்தார்கள். அவற்றுக்கு வந்தது பெரிபெரி அல்ல, ஸ்கர்வி. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது என்பதற்கான தடயம் அங்கேதான் கிடைத்தது. ஆகவே பிஸ்கெட்டும் கடலையும் தின்று பருத்த பிராணி, உள்ளே சத்துக் குறைந்து வாடவும் கூடும். பருமனும் ஊட்டக்குறைவும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பதில் முரண் எதுவும் இல்லை.

அப்படியானால் ஒரு நாள் விரதம் இருக்கவிட்டால் என்ன என்ற கேள்வி வருகிறது. நம் பண்பாட்டில் உண்ணாநோன்பு உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் ஆழமானது, அக்கறையால்தான் கேட்கிறார்கள். ஆனால் கினிப்பன்றிக்கு அது கொலைக்குச் சமம். உணவு நின்ற சில மணி நேரத்திலேயே குடலின் அசைவு மந்தமாகிறது. பெருங்குடற்பையில் கெட்ட கிருமிகள் பெருகி வாயு சேர்கிறது. உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. அந்தக் கொழுப்பு ஈரலில் போய் அடைகிறது. கொழுப்பு எவ்வளவு அதிகமோ, ஈரல் செயலிழக்கும் வேகமும் அவ்வளவு அதிகம். மெலிந்த பிராணியைவிடப் பருத்த பிராணிக்குத்தான் பட்டினி விரைவில் எமனாகிறது. அரை நாளுக்கு மேல் எதையும் தொடாத கினிப்பன்றியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. எடை வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம் இறங்கினால் போதும். 1,400 கிராம் உள்ள பிராணிக்கு அது வாரம் 14 முதல் 28 கிராம். அதை 1,100 கிராமுக்குக் கொண்டுவர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்து ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் மகிழக் கூடாது; பல்லிலோ குடலிலோ கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புல் என்றதும் எழும் முதல் மறுப்பு விலை. வெளிநாட்டுத் திமோதி உலர்புல் கிலோ பல நூறு ரூபாய். சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போனபின் மாதாமாதம் அதை வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? மறுப்பு நியாயமானது. ஆனால் கினிப்பன்றிக்கு வேண்டியது புல். அது திமோதியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்தக் கோயில் வாசல்களில் கட்டுக்கட்டாக விற்கும் அருகம்புல் அதற்கு மிக ஏற்ற உணவு. திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருமழிசைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் பயிரிடும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் எல்லாமே கிடைக்கக் கூடியவை. ஆவடிக்கு வடக்கே அலமாதியில் ஒன்றிய அரசின் மண்டலத் தீவனப்பயிர் நிலையமே இருக்கிறது. இந்த வட்டாரத்தின் மண் புல்லுக்கு ஏற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆப்பிரிக்காவில் கமரூன் போன்ற நாடுகளில் சிறு விவசாயிகள் நேப்பியரையும் கினியாப்புல்லையும் போட்டே கினிப்பன்றி வளர்க்கிறார்கள். பால்காரரிடம் தினம் ஒரு பிடி பசும்புல் கேட்டால் கொடுக்காமல் இருக்க மாட்டார். இனிப்புச் சோளம் விற்பவர் உரித்து எறியும் பச்சைத் தோகையும் நாரும்கூட நல்ல மெல்லுணவு. வைக்கோல் மட்டும் புல்லுக்கு ஈடாகாது, சத்துக் குறைவு. படுக்கைக்கு அதைப் பயன்படுத்தலாம்.

உள்ளூர்ப் புல்லில் ஆக்ஸலேட் அதிகம், அதனால் சிறுநீரகக் கல் வரும் என்பது அடுத்த மறுப்பு. நேப்பியரில் ஆக்ஸலேட் இருப்பது உண்மை. அதனால்தான் ஒரே புல்லை நம்பாமல் அருகம்புல்லையும் கலந்து போடச் சொல்கிறோம். ஆனால் கினிப்பன்றியின் சிறுநீர்ப்பையில் உண்டாகும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். ஆகவே அதிகம் அஞ்ச வேண்டியது சுண்ணாம்புச் சத்து மிகுந்த தழைகளுக்கு: குதிரைமசால், அகத்தி, முருங்கை. சத்தான கீரை என்று நாம் நம்பித் தினமும் கொடுப்பவை இவைதான். வளர்ந்த கினிப்பன்றிக்கு இவை அன்றாட உணவாகக் கூடாது. தண்டுக்கீரை, பாலக் முதலியவற்றையும் எப்போதாவது மட்டும் கொடுக்கலாம். புல்லை எங்கிருந்து அறுக்கிறோம் என்பதும் முக்கியம். கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரை, லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரம், பூச்சிமருந்து தெளித்த பூங்கா, நாய்கள் நடமாடும் காலிமனை ஆகியவற்றின் புல் வேண்டாம். தெரிந்தவர் தோட்டமோ மாட்டுக்காரர் வயலோ நல்லது. பூக்கும் முன் அறுத்து, மார்ச் முதல் ஜூன் வரையிலான வெயிலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் பசுமை மாறாத உலர்புல் கிடைக்கும். கோணிச்சாக்கில் காற்றாட வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். மக்கிய வாடை வந்ததைத் தூர எறிந்துவிட்டு, ஈரம் துடைத்த பசும்புல்லையே போட வேண்டும். பழகாத வயிற்றுக்குப் பசும்புல்லைத் திடீரென்று நிறையப் போட்டால் உப்பும். பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

மாற்றும் முறை எளிது, ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் புல்லைக் கூட்டுவது; அது தாராளமாகத் தின்னப் பழகிய பிறகே மற்றதைக் குறைப்பது. இரவும் பகலும் கூண்டில் புல் தீராமல் இருக்க வேண்டும். கடலை, பிஸ்கெட், ரஸ்க், இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் ஆகியவை முற்றாக நிற்க வேண்டும். கிண்ணம் நிறையக் கொட்டும் தீவனத்தை வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து, நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுக்குக் கொண்டுவரலாம். தீவனத்தில் வைட்டமின் சி சேர்த்திருக்கிறதே, அதைக் குறைத்தால் ஸ்கர்வி வராதா என்று கேட்பார்கள். நம் வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் திறந்து வைத்த பையில் அந்த வைட்டமின் சில வாரங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அதை நம்பியிருப்பதே அபாயம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. சுண்டுவிரல் அளவுத் துண்டு போதும், மிஞ்சினால் சர்க்கரை. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் குடைமிளகாய் இன்னும் நல்லது. கொத்தமல்லித்தழை, முள்ளங்கித்தழை, காலிஃபிளவர் இலை இவற்றை மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி தரலாம். கோயம்பேட்டிலிருந்து காய்கறி வரும் கடைகளில் பின்னிரண்டும் பெரும்பாலும் குப்பைக்குப் போகிறவை. ஜோடியில் ஒன்று பருத்து மற்றொன்று மெலிந்திருந்தால் இரண்டையும் பிரிக்க வேண்டாம், துணையில்லாமல் அவை வாடும். தீவனம் தரும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் தனித்தனியே வைத்தால் போதும். புல் இருவருக்கும் பொது.

ஓட விட்டால் இளைக்குமே என்று சுழல்சக்கரமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பந்தும் வாங்குவார்கள். அவை வெள்ளெலிக்கு ஆனவை. கினிப்பன்றியின் நீண்ட முதுகெலும்பு அதில் வளைந்து கெடும். அதற்கு வேண்டியது சக்கரம் அல்ல, தரை. இரண்டு பிராணிக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடி நிரந்தர இடம் வேண்டும். அதற்கு மேல் கூடத்தில் ஒரு பழைய பாயை விரித்து, இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து, புல்லை ஒரே இடத்தில் குவிக்காமல் நான்கு மூலையிலும் வைத்தால் தின்பதற்காகவே நடக்கும். நேரமும் பார்க்க வேண்டும். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே கினிப்பன்றிக்கு வெப்பம் தாங்காது; சென்னையின் கத்திரி வெயில் 40-ஐத் தொடும். கொழுப்பு போர்த்திய உடம்பு இன்னும் சீக்கிரம் துவளும். மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டு வைப்பதை நிறுத்தி, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் நடமாட விட வேண்டும். அவை இயல்பாகவே அந்த இருவேளைகளில் சுறுசுறுப்பானவை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற மறுப்பு மனம் சார்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்த சத்தம் கேட்டாலே அது விசில் போலக் கத்துகிறது. கேட்கும் பிராணிக்கு எப்படி இல்லை என்பது? அந்தக் கத்தல் பசியின் சான்று அல்ல, வரப்போவதை எதிர்பார்க்கும் குரல். ஒவ்வொரு கத்தலுக்கும் பிஸ்கெட் வந்ததால் கற்றுக்கொண்ட பழக்கம் அது. கத்தும்போது ஒரு பிடி அருகம்புல் கொடுத்தால் அதே மகிழ்ச்சியோடு தின்னும். கொடுப்பவரின் கையும் வெறுங்கையாகத் திரும்பாது. தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் தாய் தந்தை வீட்டில் இல்லாத மாலையில், பேரனும் தாத்தாவும் ஊட்டி மகிழும் உறவை அறுக்கச் சொல்லும் உரிமை எந்த வைத்தியருக்கும் இல்லை. ஊட்டட்டும், ஊட்டும் பொருள் மட்டும் மாறட்டும். உணவைக் குறை என்று சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு மீறுவார், முறை குலையும். புல்லைக் கொடு என்று சொன்னால் எல்லோரும் கொடுப்பார்கள். பிராணியின் குடலுக்கு மட்டுமின்றி வீட்டாரின் மனத்துக்கும் பொருந்துவதால்தான் இந்த வழி மற்ற வழிகளைவிட நிலைக்கிறது.

சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பிராணிக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களும் உண்டு. வாங்கிய விலைக்கும் அது படும் வேதனைக்கும் தொடர்பில்லை. ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழக் கூடிய உயிரை, கூண்டுக்குள் வைத்துத் தன் உணவைத் தானே தேட முடியாதபடி ஆக்கியவர்கள் நாம். அதற்கு உரிய உணவைக் கொடுப்பது தயவு அல்ல, கடன். அந்தக் கடனைத் தீர்க்க ஆகும் செலவும் பெரிதல்ல. பிஸ்கெட்டுக்கும் கடலைக்கும் போகும் காசு புல்லுக்குப் போதும். இந்தப் பொறுப்பு வீட்டாருடையது மட்டும் அல்ல. கினிப்பன்றி விற்கும் ஒவ்வொரு கடையும் தீவனப் பையோடு ஒரு கட்டு உலர்புல்லையும் கொடுத்து, தினமும் புல் எங்கே கிடைக்கும் என்று சொல்லியனுப்ப வேண்டும். வைத்தியம் பார்க்கும் நாங்கள் மருந்துச் சீட்டின் முதல் வரியில் புல் என்று எழுத வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் மாட்டுத்தீவனம் பயிரிடுபவர்கள் கோடையில் ஒரு பங்கைக் காயவைத்துச் சிறு கட்டுகளாக விற்றால் அவர்களுக்கும் ஒரு புது வருமானம். இந்த மூன்றும் நடந்தால் பருத்த கினிப்பன்றிக்கு வைத்தியம் தேடி வருகிறவர்கள் குறைவார்கள். அந்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.